கல்யாணக் களிசானின் அளவு

சம்மாட்டி நிக்கொலஸ் பச்சை, அவருடைய பெண்சாதி மாக்கிறட் சிவப்பு என்பது மாம்புரிக்கு இந்தப் பக்கம் கோயிலடியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. நிக்கொலஸே ஒவ்வொரு படலையிலும் நின்று சொல்லிவிட்டுப் போனார். கேட்காத வீட்டுக்கும் சொன்னார்.

விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் சனத்தின் நிறை பார்த்ததில் வந்த வினை இது. மிட்வைஃப் ஷானிகா மிஸ் ஒரு தராசும், சுவரில் ஒட்டுகிற உயர அளவும், நிறம் நிறமாய்க் கட்டம் போட்ட பெரிய தாளும் கொண்டு வந்திருந்தாள். தராசில் ஏற வேண்டியது. சுவரோடு நிமிர்ந்து நிற்க வேண்டியது. நிறையை உயரத்தால் ஒருதரம் பிரித்து, வந்ததை உயரத்தால் இன்னொருதரம் பிரித்தால் ஓர் எண் வரும். அந்த எண் தாளில் எந்த நிறத்தில் விழுகிறதோ அதுதான் ஆள். நீலமென்றால் மெலிவு, பச்சையென்றால் அளவு, மஞ்சளென்றால் கூடிப்போச்சு, சிவப்பென்றால் நல்லாய்க் கூடிப்போச்சு. உடற்திணிவுச் சுட்டி என்று மிஸ் பேரையும் சொன்னாள். சனம் பேரை மண்டபத்திலேயே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனது.

மாக்கிறட் ஏறினபோது தராசு முனகவில்லை. முனகினது பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பாக்கியம்மாதான்.

"மெல்ல ஏறு புள்ள, அந்தத் தராசு அடுத்த ஊருக்கும் போகணும்."

மண்டபம் சிரித்தது. மாக்கிறட்டும் சேர்ந்துதான் சிரித்தாள். மிஸ் நிறத்தைச் சொன்ன பிறகு அவள் சிரிக்கவில்லை.

பெரிய ஆள்தான் அவள், அதில் பொய்யில்லை. தோள் அகலம், கை தடிப்பு. கருவாட்டு வாடியில் மற்றப் பெண்கள் இரண்டு பேராய்ப் பிடிக்கிற ஈரக் கூடையைத் தனியாகத் தூக்கித் தலையில் வைப்பாள். அந்தத் தோளையும் கையையும் தராசு தனியாக விசாரிக்கவில்லை. தசையோ கொழுப்போ எலும்போ, அதற்கு எல்லாம் ஒரே பாரம்.

அடுத்தது நிக்கொலஸ். பச்சை, அதுவும் கட்டத்தின் நட்ட நடுவில்.

"கல்யாணத்தன்டைக்கு இருந்த அதே நிறை!" என்று மண்டபத்துக்கே கேட்கச் சொன்னார். "ஒரு கிலோ கூடயில்ல, குறையயில்ல."

மிஸ் அளவு நாடாவை எடுத்து, "இனி இடுப்பையும் ஒருக்கா அளக்கணும்" என்றாள். ஆம்பிளைகளின் வரிசை ஓரடி பின்னுக்குப் போனது. கல்யாணமாகாத பிள்ளை, மாதா சுரூபத்துக்கு முன்னால், பூசைக்கு வந்த ஆம்பிளைகளின் வயிற்றைச் சுற்றிக் கையைப் போடுவதா? கோயில் சபைக் காரியதரிசி சவிரிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"மிஸ், அது சரிவராது. அளவை அவங்களே சொல்லுவாங்க, நீங்க எழுதுங்க."

சொன்னார்கள். ஐம்பது தாண்டின ஆம்பிளைக்கு இந்தக் கரையில் இடுப்பு அளவு என்று ஒன்று கிடையாது என்பதை மிஸ் யோசிக்கவில்லை. விடிந்தால் சாரம், கடலுக்குச் சாரம், பூசைக்கு வெள்ளைச் சாரம். சாரம் யாரிடமும் அளவு கேட்காது. வயிறு வர வர அதுவும் விட்டுக்கொடுத்து, முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்ளும். ஆளுக்கு ஒரேயொரு களிசான், அது கல்யாணத்துக்குத் தைத்தது. அதன் அளவைத்தான் எல்லாரும் ஒப்புவித்தார்கள். நிக்கொலஸ் கூசாமல் "இருபத்தெட்டு" என்றார். மிஸ் அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் வரிசை நீளம். எழுதிவிட்டாள்.

அந்த வருஷத் தவக்காலத்தைச் சுவாமி நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்கினார். சனம் நிறத்தைப் பார்த்துத் தொடங்கியது. சிவப்பென்றால் வாயைக் கட்டாத குற்றம், ஆகவே ஒருசந்தி சிவப்புக்காரருக்கு. பச்சையென்றால் கணக்கு நேர், அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடலாம். இப்படியொரு சட்டத்தைச் சுவாமி சொல்லவில்லை. கேள்விப்பட்டிருந்தால் தலையில் கை வைத்திருப்பார். ஆனால் கோயிலடியில் சுவாமிக்குத் தெரியாமல் நடக்கிற ஒருசந்திகள் நிறைய.

மாக்கிறட் காலையில் வெறும் தேத்தண்ணி, பகல் அரை ரொட்டி, இரவு ஒன்றுமில்லை என்று பிடித்தாள். நிக்கொலஸ் அவளுக்கு எதிரே கதிரையைப் போட்டு, ஒரு றாத்தல் பாணைச் சம்பலோடும் மீன் பொரியலோடும் இறக்குவார். மேலே சீனி அள்ளிப் போட்ட பிளேன்ரீ.

"எனக்கு ஒருசந்தி இல்ல. நீ எனக்கும் சேத்துப் பிடி."

"உங்கட பாவத்தையும் நானா சுமக்கிற?"

"கூடை சுமக்கிற தலதானே, இன்னொன்டு ஏறினா தெரியவா போகுது."

இதுவும் ஊருக்குத் தெரியும். அவர்களுடைய வேலிக் கிடுகில் அத்தனை ஓட்டை.

நிக்கொலஸ் ஒருகாலத்தில் இப்படி இருந்து தின்கிற ஆளில்லை. சண்டைக் காலத்தில், கடலுக்கு இறங்க நேவிக்குப் பாஸ் காட்டித் திரிந்த நாட்களில், துடுப்புப் போட்டும் கரைவலை இழுத்தும் உடம்பைக் கயிறாய் முறுக்கி வைத்திருந்தார். சண்டை முடிந்தது, கடல் திறந்தது, ஃபைபர் போட் ஒன்று இரண்டாகியது, என்ஜின் வந்தது. இப்போது ஆட்கள் இழுக்கிறார்கள். சம்மாட்டி கரையில் தென்னை நிழலில் கதிரை போட்டு, "இழுங்கடா!" என்கிறார். அந்தச் சத்தம்தான் அவருடைய உடற்பயிற்சி.

அந்தக் கரையில்தான், தவக்காலம் பாதி போனபோது, கெளுத்தி முள் ஏறியது. வலது காலில், பெருவிரலுக்குக் கீழே. ஏறினது அவருக்கே தெரியாது. சீமெந்துத் தரையில் இரத்த அடி கண்டு மாக்கிறட்தான் கத்தினாள்.

"முள் ஏறினது உங்களுக்கு விளங்கல்லியா?"

"கடல்காரன்ட தோல்டி இது. முள்ளெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் உள்ள வரணும்."

புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தாள், உப்புத் தண்ணியில் கழுவினாள். ஓரம் வெளுத்து, நடு கறுத்து, நாற்றமும் வந்தது. இதற்கிடையில் ஆள் ஒரு குடம் தண்ணியைத் தனியாகக் குடித்து முடிக்கிறார். கேட்டால் கோடை என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் ஒரே பதில்தான்.

"பச்சைக்காரனுக்கு என்னடி வருத்தம்? நீ போய் உன்னைக் காட்டு."

மாக்கிறட்டுக்கு அதற்குமேல் வாய் வராது. அதுதான் வினோதம். வாடியில் ஏழெட்டுப் பெண்களை ஒரு சத்தத்தில் அடக்குகிறவள். ஆனால் சிவப்பு என்று பேர் விழுந்த நாளிலிருந்து, உடம்பைப் பற்றிய எந்தக் கதையிலும் தனக்குப் பேச உரித்தில்லை என்பது போல ஆகிவிட்டாள். கூடையைத் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதையும் தன் உடம்பின் பிழை என்றே எடுத்துக்கொண்டாள். வெறும் வயிற்றின் பிழை என்று நினைக்கவில்லை. புண்ணைப் பற்றிக் கூட, பச்சை என்று தாளே சொல்லியிருக்கிறது, நான் என்னத்தைக் கண்டேன் என்று சில நேரம் அடங்கிப்போவாள்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சவிரிமுத்து படலைக்கு வந்தார். பெரிய வியாழன் பூசையில் சுவாமி பாதம் கழுவுகிற பன்னிரண்டு பேரில் இந்த முறை நிக்கொலஸும் ஒருவர். பீடத்துக்கு முன்னால் கதிரை.

நிக்கொலஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய அப்பா இரண்டு தரம் அந்தக் கதிரையில் இருந்தவர். இவர் ஒவ்வொரு வருஷமும் சவிரிமுத்துக்கு நல்ல பாரை மீனாய்ப் பார்த்து அனுப்பியும் இதுவரை பேர் விழவில்லை.

"ஒரு விசயம் அண்ணன்," என்றார் சவிரிமுத்து. "புதுச் சுவாமி சாரம் வேணாங்கிறார். பன்னென்டு பேரும் சாரத்தை மடிச்சுக்கிட்டு முழங்கால் தெரிய இருந்தா வடிவில்லையாம். களிசான், வெள்ளச் சட்டை."

"கிடக்கு, கிடக்கு. அலுமாரியில கிடக்கு."

சவிரிமுத்து போனதும் மாக்கிறட் கேட்டாள். "கால் இப்பிடிக் கிடக்க, சுவாமிக்கிட்ட எதை நீட்டுவீங்க?"

"அதுக்குள்ள ஆறிடும்."

"ஆறல்லென்டா?"

"இடது காலை நீட்டுவன். சுவாமி என்ன, காலை எண்ணிப் பாத்தா கழுவப் போறார்? வியாழன் முடியும் வரைக்கும் ஆஸ்பத்திரிக் கதை எடுக்காத. போனா மறிச்சு வச்சிடுவானுகள்."

களிசானை எடுத்து உதறி, பூச்சி உருண்டை மணம் போக வெயிலில் போட்டு, பின்னேரம் அவரிடம் கொடுத்தாள். அறைக்குள் போனவர் நெடுநேரம் வரவில்லை. உள்ளே மூச்சு வாங்குகிற சத்தம்.

"என்ன, கடல் கொந்தளிக்குதா உள்ள?" என்று கேட்டுக்கொண்டே மாக்கிறட் திரைச்சீலையை விலக்கினாள்.

சொல்லக் கூடாது, ஆனால் பார்க்க வேண்டிய காட்சி. களிசான் காலில் ஏறியிருந்தது. ஏறினது மட்டுமில்லை, தொடையில் காற்றடித்த பாய் போல ஆடியது. அன்று தொடையை இறுக்கிப் பிடித்த துணிக்குள் இன்று இன்னொரு கால் நுழையும். மேலே பார்த்தால், பொத்தானுக்கும் பொத்தான் துளைக்கும் நடுவே ஒரு சாண் வயிறு.

"துணி சுருங்கிப் போச்சு," என்றார் நிக்கொலஸ்.

"கீழ விரிஞ்சு மேல மட்டுமா சுருங்கினது?"

தவக்காலம் முழுக்க வாங்கிக் கட்டினவள். ஊரைக் கூப்பிட்டு ஒருபாட்டம் சிரித்திருக்கலாம், பாக்கியம்மா வேலிக்கு அந்தப் பக்கம் ஆயத்தமாகவும் இருந்தாள். ஆனால் மாக்கிறட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். தொடையில் சதையில்லை. கெண்டைக்கால் கம்பு. சாரத்துக்குள் இருந்ததால் இதையெல்லாம் அவள் நின்று பார்த்ததேயில்லை. நிறை அதே நிறைதான், மனிதன் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் தொடையிலும் தோளிலும் இருந்தது எங்கே போனது? ஒரு இடமும் போகவில்லை. வயிற்றில் வேறொன்றாய் வந்து குந்தியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்று.

அடுத்த நாள் ஷானிகா மிஸ்ஸின் ஸ்கூட்டரை ஒழுங்கையில் மறித்துச் சொன்னாள். மிஸ் ஹெல்மட்டைக் கழற்றினாள்.

"இருபத்தெட்டு என்டுதானே அக்கா சொன்னார்!"

"அது கல்யாணக் களிசான், மிஸ். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க."

மிஸ் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கியே விட்டாள். "எல்லாரும்?" என்று கேட்டாள். "நான் அன்டைக்கு விட்டிருக்கக் கூடாது. ஆம்பிளையள் ஏசுவாங்க என்டு பயந்துட்டன்" என்றாள். "இடுப்புச் சுத்து உயரத்தில பாதியத் தாண்டக் கூடாது அக்கா. எங்கட ஆக்களுக்கு ஒல்லியா இருந்தாலும் வயித்தில வைக்கிற உடம்பு. நிறையை மட்டும் பாத்தா அது ஒளிச்சிரும்."

"அப்ப அந்தத் தாள் பொய்யா?"

"பொய்யில்ல. ஒரு ஊர்ச் சனத்தை மொத்தமாப் பாக்க அது நல்லது. ஆனா ஒரு ஆளுக்கு அது முதல் கேள்வி மட்டும்."

மாக்கிறட் யோசித்தாள். "போட் தாழ்ந்து வாறதைக் கரையில நின்டு பாத்தா, பாரம் இருக்கென்டு தெரியும். மீன் பாரமா, ஓட்டையால வந்த தண்ணியா என்டு தெரியாது. ஏறிப் பாக்கணும்."

"அதுதான். ஆனா தாழ்ந்து வந்தா ஏறிப் பாக்காம விடவும் ஏலாது. உங்கட நிறையும் முழங்காலுக்குப் பாரம்தான் அக்கா, அதை நான் மறைக்கல்ல. அதுக்காக..." மிஸ் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்ன சாப்பிடுறீங்க இப்ப? கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

சொன்னாள். மிஸ் ஏசினாள். நடு ஒழுங்கையில், வயதுக்கு மூத்தவளை, சிங்களமும் தமிழும் கலந்து நல்லாய் ஏசினாள். பாக்கியம்மாவுக்கு ஒரு சொல் தப்பவில்லை.

"சரி, சரி, சாப்பிடுறன். அவரைத்தான் கொண்டுவர ஏலாது. கூப்பிட்டா வரமாட்டார்," என்றாள் மாக்கிறட். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்ல, மிஸ் முதலில் தலையாட்டி மறுத்து, பிறகு சிரித்துவிட்டாள். அது மட்டும் வேலிக்குக் கேட்கவில்லை. திங்கட்கிழமை தானாகத் தெரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு," என்று மாக்கிறட் ஞாயிறு இரவு சோற்றைப் போட்டுக்கொண்டே புருஷனிடம் சொன்னாள். "நாளைக்கு இரத்தம் பாக்க வரச் சொல்லியிருக்கிறா மிஸ். சிவப்புத்தானே. என்ன வருமோ தெரியாது. துணைக்கு வாறீங்களா?"

நிக்கொலஸின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். வராமல் இருப்பாரா? பெண்சாதியின் சிவப்பு சாட்சியோடு நிரூபிக்கப்படுகிற இடத்தில் அவர் இல்லாமலா? காலில் பழைய துணி சுற்றி, செருப்புக்குள் திணித்து, கிளினிக் வாங்கில் முதல் ஆளாய்க் குந்தியிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம், "இவளுக்காக வந்தது. எனக்கு ஒன்டுமில்ல" என்று விளக்கமும் சொன்னார்.

மாக்கிறட்டின் விரலில் குத்தி மெஷினில் வைத்தாள் மிஸ். "சீனி அளவாத்தான் இருக்கு. பிரஷரும் நல்லம்."

நிக்கொலஸ் எட்டிப் பார்த்தார். "வடிவாப் பாருங்க மிஸ்."

"வடிவாப் பாக்கிறதென்டா, பக்கத்தில ஒரு பச்சைக்காரர்ட இரத்தத்தையும் வச்சுப் பாக்கணும்," என்றாள் மிஸ், முகத்தைக் கல்லாய் வைத்துக்கொண்டு. "நீங்க இருக்கிறீங்கதானே அண்ணன்."

தானம் கொடுக்கிறவர் போல விரலை நீட்டினார். மெஷின் எண்ணே காட்டவில்லை. சீனி அளவுக்கு மீறிப் போனால் காட்டுகிற எழுத்தைக் காட்டியது.

"மெஷின் பழுதாப் போச்சு," என்றார் நிக்கொலஸ்.

மற்ற விரல். அதே எழுத்து. மிஸ் இப்போது சிரிக்கவில்லை. "செருப்பைக் கழட்டுங்க அண்ணன்," என்றாள். துணியை அவிழ்த்ததும் வாங்கில் இருந்தவர்கள் மெல்ல மற்றப் பக்கம் நகர்ந்தார்கள்.

அன்று பகலே ஓட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் நிக்கொலஸ் ஒரே ஒரு கதைதான்: மருந்து கட்டிக்கொண்டு புதன்கிழமை திரும்பிவிட வேண்டும். வார்ட்டில் காலைப் பார்க்க வந்தது நஸ்ஹா டொக்டர், தில்லையடி ஊர்ப் பிள்ளை, சின்ன வயது. அவரிடமும் அதையே சொன்னார்.

"வியாழக்கிழமை கோயில்ல எனக்குக் கதிரை இருக்கு டொக்டர். அதுக்கு விட்டாப் போதும். பிறகு மாசக்கணக்கா வேணுமென்டாலும் வந்து படுக்கிறன்."

"முதல்ல காலைப் பாப்பம்," என்றார் டொக்டர். கட்டில் ஓரத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு இருந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பிடியை எடுத்தார். அதன் முனையில் விரல் நீளத்துக்குத் தங்கூசி நீட்டிக்கொண்டிருந்தது, வலை பின்னுகிற அதே மாதிரி நைலோன் நூல். நிக்கொலஸுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதில் பரீட்சை என்றால் அவர் தோற்பாரா?

"இதால காலைத் தொடுவன். தெரிஞ்சா ஓம் சொல்லுங்க."

தொட்டார். நிக்கொலஸ் காலையே பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார். இன்னொரு இடம். "ஓம்."

"கண்ணை மூடுங்க ஐயா."

மூடினார்.

"ஓம்," என்றார் நிக்கொலஸ். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஓம்." பிறகு இன்னும் உறுதியாக, "ஓம், நல்லா விளங்குது."

டொக்டரின் கை அசையாமல் மடியிலேயே கிடந்தது. அவர் மாக்கிறட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச," என்று மாக்கிறட் குனிந்து மெல்லச் சொன்னாள். "டொக்டர் இன்னும் தொடவேயில்ல."

நிக்கொலஸ் கண்ணைத் திறக்கவில்லை. மாக்கிறட் அவருடைய தோளில் கையை வைத்தாள். எலும்புதான் தட்டுப்பட்டது.

"இல்லாததை இல்லையென்டு சொல்லுங்க. ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க," என்றாள்.

தங்கூசி பெருவிரலைத் தொட்டு வளைந்தது. நிக்கொலஸ் ஓம் சொல்லவில்லை. பாதத்தின் நடுவில் வளைந்தது. பேசவில்லை. குதிக்காலில் இரண்டு தரம். மாக்கிறட் அந்த நூல் முனையையே பார்த்தாள். அது மெல்ல மெல்ல மேலே வந்து, கணுக்கால் எலும்பைத் தாண்டி, ஒரு விரற்கடை மேலே நின்று வளைந்தது.

"இப்ப," என்றார் நிக்கொலஸ். "இப்ப... ஓம்."

டொக்டர் நிமிர்ந்தார். "சரி. இதுக்குக் கீழ முள் ஏறினாலும் நெருப்புப் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கண்ணால பாக்கணும், நீங்க பாக்கணும், அக்காவும் பாக்கணும். எலும்புக்குப் போயிருக்கா என்டு படம் எடுத்துப் பாப்பம். விரல் ஒன்டு போனாலும் போகும். இன்டைக்கே மருந்து ஏத்தத் தொடங்கினா காலைக் காப்பாத்தலாம். வியாழக்கிழமைக் கதை மட்டும் சரிவராது."

பக்கத்துக் கட்டில்காரர் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நிக்கொலஸ் கண்ணை மூடினபடியே கூப்பிட்டார்.

"மாக்கிறட்."

"ம்."

"சவிரிமுத்துக்குச் சொல்லிவிடு. கதிரைக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லி."

"சொல்றன்."

டொக்டர் நூலைப் பையில் வைக்கப் போனார்.

"டொக்டர்," என்றார் நிக்கொலஸ், கண்ணைத் திறக்காமலே. "அந்தக் கடைசி இடத்தை இன்னொருக்காத் தொடுங்க."